பழைய சான் ஹுவானில் கப்பல் பயணியின் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் கப்பல் பயணத்தில் கரை இறங்கியதும் கால்நடையாகவே பார்த்து முடிக்கக்கூடிய ஊர்கள் சில உண்டு. அவற்றில் முதலிடம் புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானுக்குத் தரலாம். ஸ்பானியர் 1521இல் இந்தச் சிறு தீவுத் திட்டுக்குக் குடிவந்து மதில் சூழக் கட்டிய பழைய நகரம், எல் மோரோ, சான் கிறிஸ்தோபல் என்ற இரண்டு கோட்டைகளோடு, கப்பல் துறையை ஒட்டியே இருக்கிறது. டூர் பஸ் இல்லாமல், வரைபடமும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

கப்பலிலிருந்து இறங்கி நேராக ஊருக்குள் நடக்க முடியுமா?

எந்தத் துறையில் கப்பல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 1, 3, 4 எண் துறைகள் பழைய நகரத்தின் வாசலிலேயே இருக்கின்றன. சாலையைக் கடந்தால் ஊர். 'பான் அமெரிக்கன்' என்று குறிப்பிட்டிருந்தால் கப்பல் கால்வாய்க்கு அப்பால் இஸ்லா கிராண்டே பக்கம் நிற்கிறது என்று பொருள். அங்கிருந்தும் ஊர் கண்ணுக்குத் தெரியும், அதனால் பலர் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாலங்களையும் வாகன நெரிசலையும் சுற்றிக்கொண்டு போக வேண்டிய, பார்க்க எதுவுமில்லாத நடை அது. டாக்சி பிடித்து கொலோன் சதுக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். துறை எண்ணை முந்தின நாள் இரவே கப்பலின் செயலியிலோ வரவேற்பு மேசையிலோ கேட்டு வையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இறங்க விசா வேண்டுமா?

வேண்டும். 1898 முதல் புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இல்லாமல் இறங்க முடியாது. புளோரிடாவில் ஏறி, நடுவில் வேறு நாட்டுத் தீவுகளைத் தொட்டுவிட்டு இங்கே வந்தால், அது மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைவதாகவே கொள்ளப்படும். ஆகவே விசாவில் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். வெளிநாட்டுத் துறையிலிருந்து கப்பல் வரும் நாளில் குடியேற்ற அதிகாரிகள் பயணிகளைச் சோதிப்பது வழக்கம். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போய்விடும். அன்றைய திட்டத்தில் அந்த நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

கடிகாரத்தில் என்ன சிக்கல்?

புவேர்ட்டோ ரிக்கோவில் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மயாமி நேரமும் சான் ஹுவான் நேரமும் ஒன்றுதான். மற்ற மாதங்களில் சான் ஹுவான் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மாறாது.

இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. கப்பல் உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்க, கைக்கடிகாரம் மட்டும் மயாமி நேரத்திலேயே நின்றுவிட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகத் துறைக்கு வருவீர்கள். இதுதான் ஆபத்தானது. கப்பல் மாறாமல் இருந்தால் ஏறுவதில் சிக்கலில்லை, ஆனால் கோட்டை உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும். இறங்கும்போது வாசலில் நிற்கும் ஊழியரிடம் "கப்பல் நேரம் இப்போது என்ன?" என்று கேட்டு, போனில் தெரியும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

எந்த வழியாக நடப்பது நல்லது?

இந்த ஊர் ஒரு சரிவு. தெற்கே கப்பல் துறை தாழ்வில் இருக்கிறது, வடக்கே அட்லாண்டிக் பக்கம் உயர்ந்து போகிறது. பெரும்பாலானோர் துறைக்கு எதிரே உள்ள கடைத்தெருவில் நுழைந்து, அங்கேயே ஒன்றரை மணி நேரம் கழித்துவிட்டு, உச்சி வெயிலில் மேடேறுகிறார்கள். கோட்டைக்கு வந்து சேரும்போது கால் ஓய்ந்துபோகிறது. இதைத் தலைகீழாக மாற்றினால் போதும். காலையில் மேடேறி, மதிலை ஒட்டி மேற்கே நடந்து, வெயில் ஏறிய பிறகு நிழலில் இறங்கி வர வேண்டும்.

துறையிலிருந்து கிழக்கு ஓரமாகக் கொலோன் சதுக்கத்துக்குப் போங்கள். நடுவில் உயரமான தூணின் மேல் கொலம்பஸ் நிற்பார். அங்கிருந்து வடக்கே ஐந்து நிமிட ஏற்றம், சான் கிறிஸ்தோபல் கோட்டை வாசல். இதுவே அன்றைய நடையில் கடினமான ஏற்றம். பார்த்து முடித்ததும் நோர்சகராய் தெரு வழியே மேற்கே நடங்கள். வலப்பக்கம் முழுக்கக் கடல். இருபது நிமிடத்தில் பயாஹா பழைய படைவீட்டைத் தாண்டி எல் மோரோவின் புல்வெளி வந்துவிடும்.

எல் மோரோ முடிந்ததும் வந்த வழியே திரும்பாதீர்கள். காசா பிளாங்கா வீட்டுப் பக்கமாகத் தெற்கே இறங்கினால், தீப்பந்தம் ஏந்திய பெண்களும் ஆயரும் ஊர்வலமாகப் போகும் வெண்கலச் சிலை நிற்கும் சிறு முற்றம் வரும். லா ரொகாதிவா என்பது அதன் பெயர். 1797இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது பெண்கள் பந்தம் ஏந்திப் பிரார்த்தனை ஊர்வலம் போனார்கள், அந்த வெளிச்சத்தைப் பார்த்து உதவிப்படை வந்துவிட்டது என்று எதிரி பின்வாங்கினான் என்பது உள்ளூர் மரபுக் கதை. கீழே வளைகுடாவைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து சிவப்பு வண்ணம் பூசிய சான் ஹுவான் வாசல் வழியாக மதிலுக்கு வெளியே வந்து, இடப்பக்கம் திரும்பி பிரின்சேசா நடைபாதையில் மர நிழலில் நடந்தால் மீண்டும் துறை. மொத்தச் சுற்று நாலு முதல் ஐந்து கிலோமீட்டர். கோட்டைகளுக்குள் ஏறி இறங்குவது தனிக் கணக்கு. நிதானமாகப் பார்க்க ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

கோட்டைகளுக்கு டிக்கெட் எவ்வளவு? எப்போது திறக்கும்?

பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 10 டாலர், அதற்குக் கீழே இலவசம். ஒரே டிக்கெட்டில் இரண்டு கோட்டைகளையும் பார்க்கலாம். முதல் கோட்டையில் தந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், இரண்டாவது வாசலில் கேட்பார்கள். கார்டு மட்டுமே வாங்குகிறார்கள், ரொக்கம் செல்லாது. அண்மை ஆண்டுகளில் காலை 9:30 முதல் மாலை 4:30 வரை திறந்திருக்கிறது. ஏழு மணிக்கே கப்பல் வந்துவிட்டால் முதலில் ஒரு காப்பி குடித்துவிட்டு, சரியாக 9:30க்குச் சான் கிறிஸ்தோபல் வாசலில் நிற்கலாம். டூர் கூட்டம் பெரும்பாலும் எல் மோரோவில்தான் தொடங்கும். அதனால் இங்கே முதல் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும்.

இரண்டும் கோட்டைதானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா?

நேரம் இல்லாவிட்டால் போதும், ஆனால் இரண்டும் வெவ்வேறு கவலைகளுக்காகக் கட்டப்பட்டவை. எல் மோரோ கடலைப் பார்த்துக் கட்டியது. 1539இல் வேலை தொடங்கியது. 1595இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களை அது விரட்டியது. மூன்றே ஆண்டில், 1598இல், இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லண்ட் பிரபுவின் படை தரைவழியாக வந்து அதே கோட்டையைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தப் படையை விரட்டியது பீரங்கி அல்ல, வயிற்றுக்கடுப்பு. 1625இல் டச்சுக்காரர்கள் ஊருக்குள் புகுந்து தீ வைத்தார்கள். நிலத்தின் பக்கம் திறந்து கிடந்தால் கடல் கோட்டையால் பயனில்லை என்ற பாடத்திலிருந்து எழுந்ததுதான் சான் கிறிஸ்தோபல். 1634இல் தொடங்கி 1783 வரை வளர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியர் கட்டிய கோட்டைகளில் மிகப் பெரியது, சுமார் 27 ஏக்கர்.

கதையின் வரிசைப்படி பார்க்க விரும்புகிறவர்கள் மோரோவில் தொடங்கலாம். காலும் வெயிலும் சொல்லும் வரிசைப்படி சான் கிறிஸ்தோபல்தான் முதலில். ஒன்றுதான் முடியும் என்றால், துறைக்குப் பக்கத்தில் இருப்பதாலும் சுரங்கப் பாதைகளுக்காகவும் சான் கிறிஸ்தோபலைச் சொல்வோம். அங்கே சுரங்கத்தை ஒட்டிய சிறையறைச் சுவரில் கைதி ஒருவர் வரைந்த பாய்மரக் கப்பல்கள் இன்னும் இருக்கின்றன. அவசரமாக நடப்பவர்கள் அந்த அறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முற்றத்துக்கு அடியில் மழைநீரைச் சேமித்த ஐந்து பெரிய தொட்டிகளையும் பாருங்கள். முற்றுகைக் காலத்தில் கோட்டை தாக்குப்பிடிக்க பீரங்கிக்குச் சமமாக அந்தத் தண்ணீரும் தேவைப்பட்டது.

எல் மோரோவில் எதைத் தவறவிடக்கூடாது?

ஆறு தளங்கள், கடல்மட்டத்திலிருந்து 43 மீட்டர் உயரம். நுழைந்ததும் இருக்கும் முற்றத்தோடு திரும்பிவிடாமல் கீழே இறங்குங்கள். சரிவுப் பாதை செங்குத்தாகப் பீரங்கித் தளத்துக்குப் போகும், அங்கேதான் அலையின் ஓசை சுவரில் மோதிக் கேட்கும். அடுத்து மூலைகளில் மதிலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் காவல் கூண்டு. 'கரீத்தா' என்பார்கள். ஒரே ஆள் நிற்கும் வட்ட அறை, குவிந்த கூரை, விரல்கடை அகலத்துக்குச் சில துளைகள். உள்ளே நின்று ஒவ்வொரு துளையிலும் கண்ணை வைத்துப் பாருங்கள். வளைகுடா வாய், திறந்த கடல், மதிலின் அடி என ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டும். காவலாளி என்ன பார்த்தான் என்பது அப்போது புரியும்.

மேலே மூன்று கொடிகள் பறக்கும். அமெரிக்கக் கொடி, புவேர்ட்டோ ரிக்கோ கொடி, மூன்றாவதாக வெள்ளையில் சிவப்புக் குறுக்குக் கோடுகளுடன் பர்கண்டிச் சிலுவை. அது ஸ்பானியப் படையின் பழைய கொடி.

வெளியே புல்வெளியில் பட்டம் விடுவார்கள். பட்டத்துக்கு இந்தத் தீவில் 'சிரிங்கா' என்று பெயர். அட்லாண்டிக் காற்று விடாமல் வீசுவதால் முதல் முறை விடுகிறவர் கையிலும் பட்டம் ஏறிவிடும். குழந்தைகளோடு போனால் இதற்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் மட்டும் எடுத்துப் போக வேண்டாம், தேசியப் பூங்கா எல்லைக்குள் தடை.

மதிலுக்கு வெளியே கடலோரமாக ஒரு பாதை தெரிகிறதே, அதில் மோரோவுக்குப் போகலாமா?

போக முடியாது. இந்த ஊரில் நடப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். சான் ஹுவான் வாசலில் தொடங்கி மதிலின் அடியை ஒட்டி மோரோவின் கீழ் வரை போகும் பாதைக்குப் பசேயோ தெல் மோரோ என்று பெயர். வரைபடத்தில் கோட்டையைத் தொடுவதுபோலத் தெரியும். முனையில் மேலே ஏற வழியே கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, அதே தூரம் திரும்பி, பிறகு ஊருக்குள் மேடேறித்தான் கோட்டைக்கு வர வேண்டும். மோரோவை முடித்த பிறகு, நேரமும் தெம்பும் இருந்தால் மட்டும் இதில் நடங்கள். காலையில் மதில் நிழல் தரும், பிற்பகலில் முழு வெயில். வழியில் பூனைகளைக் கண்டால், உங்கள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் போட வேண்டாம்.

கப்பலே மாலை மூன்று, நாலு மணிக்குத்தான் வருகிறது. என்ன செய்வது?

சான் ஹுவானுக்கு இப்படி வரும் கப்பல்கள் நிறைய. மூன்று மணிக்குக் கீழே இறங்க முடிந்தால் நேராகச் சான் கிறிஸ்தோபல், வேறெங்கும் நிற்காமல். நாலு மணிக்கு மேல் என்றால் கோட்டையின் உட்புறத்தை விட்டுவிடுங்கள், வருத்தம் வேண்டாம். மோரோ புல்வெளிக்கும் மதிலோர நடைக்கும் டிக்கெட் தேவையில்லை. அந்த நேரத்துக்கு மேலே சொன்ன பசேயோ தெல் மோரோதான் சரியான தேர்வு. மேற்கைப் பார்த்த பாதை என்பதால் சூரியன் வளைகுடா வாயில் இறங்குவதை மதிலடியிலிருந்து பார்க்கலாம். இருட்டும் முன் வாசலுக்குள் திரும்பி, ஊருக்குள் இரவுச் சாப்பாடு.

தெருவில் பதித்திருக்கும் நீலக் கற்கள் என்ன? என்ன செருப்பு போடலாம்?

'அதோக்கீன்' என்று பெயர். இரும்பை உருக்கும்போது மிஞ்சும் கசடை அச்சில் வார்த்துச் செய்தவை. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு தூறல் போட்டதும் நீலமும் ஊதாவும் எழுந்து வரும். அழகு கூடும் அதே நேரத்தில் வழுக்கலும் கூடும், ஏனென்றால் நூறாண்டுக்கு மேல் தேய்ந்து மேற்பரப்பு கண்ணாடிபோல ஆகிவிட்டது. ரப்பர் அடியுள்ள ஷூ அல்லது பின்பட்டை வைத்த சாண்டல் போடுங்கள். ஹவாய் செருப்பும் குதிகால் உயர்ந்த செருப்பும் இறக்கத்தில் காலை வாரும். நடைமேடைகள் குறுகல், சில இடங்களில் ஒரு முழம் உயரம். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் விழுவது அங்கேதான்.

வெயில், மழை, தண்ணீர், கழிவறை?

ஆண்டு முழுதும் பகலில் 28 முதல் 32 டிகிரி வரை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சூடு புதிதல்ல. காற்று வீசுவதால் வியர்வை தெரியாது, அதனால்தான் தண்ணீர் குடிக்க மறந்து தலைவலியோடு திரும்புகிறார்கள். ஆளுக்கு ஒரு லிட்டரோடு கிளம்புங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத்தக்கது. குடை ஊருக்குள் உதவும். மோரோ புல்வெளியில் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும், அங்கே நாடா கட்டிய தொப்பிதான். மழை வந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும், ஒதுங்கி நின்றால் போதும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், கப்பல் பாதையே மாறலாம். கழிவறை இரண்டு கோட்டைகளிலும் உண்டு. ஊருக்குள் எளிதில் கிடைக்காது, ஆகவே கோட்டையை விட்டு வெளியேறும் முன் போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இங்கே பன்றி இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

மொபோங்கோ என்ற உணவை எடுத்துக்கொள்வோம். வாழைக்காயைத் துண்டாக்கிப் பொரித்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்து மர உரலில் இடித்து உருண்டையாக்கித் தருவது. படித்தால் சைவம்போல இருக்கும். இடிக்கும்போதே 'சிச்சரோன்' என்ற பொரித்த பன்றித் தோலைச் சேர்ப்பதுதான் வழக்கம். "சின் சிச்சரோன்" என்று சொன்னால் அது இல்லாமல் இடித்துத் தருவார்கள். மேலே ஊற்றும் சாறும் கோழிச்சாறாக இருக்கும், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொச்சை, பீன்ஸ் குழம்பில் பெரும்பாலும் பன்றித்துண்டு போட்டு வேகவைப்பார்கள். அல்கப்பூரியா என்ற வடையின் உள்ளே இறைச்சியோ நண்டோ இருக்கும்.

"கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழி கொண்டுவரக்கூடும். முழுதாகச் சொல்ல வேண்டும்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ." இறைச்சியோ கோழியோ மீனோ சாப்பிடமாட்டேன் என்று பொருள். 'மாந்தேகா' என்பது பன்றிக்கொழுப்பு, அதையும் கேட்டு வையுங்கள்.

தோஸ்தோனெஸ் எனப்படும் தட்டையாக்கி இருமுறை பொரித்த வாழைக்காய், பழுத்த நேந்திரம்போன்ற பழத்தின் பொரியல், வேகவைத்த மரவள்ளி, வெள்ளைச் சோறு, வெண்ணெய்ப்பழம் இவை எளிதில் கிடைக்கும். அதே எண்ணெயில் இறைச்சியும் பொரிப்பார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். காலையில் மயோர்க்கா என்ற சர்க்கரை தூவிய சுருள் பன்னும் மலைப்பகுதியில் விளைந்த உள்ளூர்க் காப்பியும் நல்ல தொடக்கம், பன்னில் முட்டை உண்டு. தெருவில் தள்ளுவண்டியில் பிராகுவா விற்பார்கள். பனிக்கட்டியைச் சீவிக் கூம்பாகக் குவித்துப் பழப்பாகு ஊற்றியது. 'தமரிந்தோ' என்று கேளுங்கள், நம் புளிதான். 'இந்தியப் பேரீச்சை' என்ற அரபுப் பெயர் ஸ்பானிய வாயில் அப்படி ஆகி கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. புளிப்பும் இனிப்பும் அந்த வெயிலுக்கு அவ்வளவு பொருத்தம்.

பணம், போன்?

அமெரிக்க டாலர். விற்பனை வரி 11.5 சதவீதம் விலைப்பட்டியலில் சேராமல் பில்லில் வரும். உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். தள்ளுவண்டிக்காகச் சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள். போன் துறைக்கு வந்ததும் உள்ளூர் அமெரிக்க நெட்வொர்க்கைப் பிடிக்கும். கப்பலுக்குத் திரும்பியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள், நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கில் சிக்கினால் கட்டணம் எகிறும்.

மதிலுக்கு வெளியே கடலோரம் தெரியும் வண்ண வீடுகளுக்குள் போகலாமா?

அது லா பெர்லா. மக்கள் வாழும் குடியிருப்பு. நோர்சகராய் தெருவிலிருந்தே நன்றாகத் தெரியும். பகலில் சுவரோவியங்கள் பார்க்க இறங்குகிறவர்கள் உண்டு. போனால் வீட்டு வாசலையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், இருட்டிய பின் இறங்காதீர்கள். அதற்கு மேற்கே மதிலுக்கும் கடலுக்கும் நடுவே வெள்ளைச் சிலுவைகள் நிறைந்த கல்லறைத் தோட்டத்தைப் புல்வெளியின் ஓரத்திலிருந்து பார்த்தாலே போதும்.

வயதானவர்கள், சிறு குழந்தைகளுடன்?

சக்கர நாற்காலிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் கற்தெருக்கள் கடினம். குழந்தையைத் தூக்கும் பை நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களை டாக்சியில் மோரோ புல்வெளி வரை அனுப்பிவிட்டு, அங்கிருந்து இறக்கமாக மட்டும் நடக்க வையுங்கள். பழைய பயணக் குறிப்புகளில் வரும் இலவச டிராலி வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தேவாலயங்கள் பார்க்க நேரம் ஒதுக்கலாமா?

இரண்டுக்கு ஒதுக்குங்கள். மேட்டில் உள்ள சான் ஹோசே 1532இல் தொடங்கியது, நீண்ட காலம் மூடிக்கிடந்து சீரமைப்புக்குப் பின் 2021இல் திறந்தது. வெளியே நிற்கும் போன்சே தெ லெயோன் சிலை, 1797இல் ஆங்கிலேயரிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தது. அவர் தீவின் முதல் ஆளுநர், அவருடைய எலும்புகள் இப்போது கீழே உள்ள பேராலயத்தில் இருக்கின்றன.

பேராலயத்தை விட்டு வெளியே வந்ததும் படியில் நின்று எதிரே பாருங்கள். மர நிழல் மூடிய தெரு ஒன்று நேராகச் சரிந்து சான் ஹுவான் வாசலில் முடிகிறது. பாய்மரக் காலத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அந்த வாசலில் நுழைந்து, உயிரோடு கரை சேர்த்ததற்கு நன்றி சொல்ல நேராக இந்தப் படிக்குத்தான் ஏறி வந்தார்கள். வாசலின் மேல் லத்தீனில் "ஆண்டவர் பெயரால் வருகிறவர் வாழ்த்தப்பெற்றவர்" என்று பொறித்திருக்கிறது. எழுத்து கடலைப் பார்த்து இருப்பதால், வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் படிக்கலாம்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? என்ன கொண்டுவரலாம்?

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். அதற்கும் முக்கால் மணி முன்பு சான் ஹுவான் வாசலில் இருந்தால் பிரின்சேசா நடைபாதையில் அவசரமின்றி வரலாம். துறை வாசலில் கப்பல் அட்டையோடு படம் உள்ள அடையாளச் சான்றும் கேட்பார்கள். வாங்கிய ரம் பாட்டிலைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் திருப்பித் தருவது கப்பல்களின் வழக்கம். மாம்பழம் வாங்கினால் கரையிலேயே தின்றுவிடுங்கள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்கு அதைக் கொண்டுபோக அனுமதியில்லை.